ஜி.எம்.சி. 2½ டன் ராணுவ லாரியை மீட்டெடுப்பது: வாங்குவதிலிருந்து முதல் 100 கிலோமீட்டர் வரை

இந்த வழிகாட்டி இரண்டாம் உலகப் போர்க்காலத்து ஜி.எம்.சி. சி.சி.கே.டபிள்யூ 353 லாரிக்கானது. 164 அங்குல வீல்பேஸ், முன் ஆக்சிலோடு சேர்த்து மூன்று ஆக்சில்களிலும் இழுவை, 270 கன அங்குல ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின், 6 வோல்ட் மின்சாரம். அமெரிக்காவிலும் பிரான்ஸ், நெதர்லாந்து, பிரிட்டன், நார்வேயிலும் இன்னும் ஓடுகிற, இன்னும் கொட்டகைகளிலிருந்து வெளிவருகிற வண்டி.

புதியவர்கள் சிக்கிக்கொள்வது பெரும்பாலும் வேலை தெரியாததால் அல்ல, வரிசை தவறுவதால்தான். முதலில் வண்டி நிற்க வேண்டும், அடுத்துத் திரும்ப வேண்டும், பிறகு ஓட வேண்டும், அழகு கடைசியில். பெயின்ட் அடித்துவிட்டு பிரேக்குக்குப் போகிறவர்கள் அடித்த பெயின்ட்டின் மேலேயே பிரேக் ஆயிலைக் கொட்டுகிறார்கள்.

1. வாங்கும் முன்: எந்த ஆக்சில், எந்த எஞ்சின்

வண்டிக்கு அடியில் படுத்து ஆக்சிலைப் பாருங்கள். நடுவில் இரண்டு பாதிகளைச் சுற்றிலும் போல்ட் போட்டு இணைத்திருந்தால் அது டிம்கன் செய்த ஸ்ப்ளிட் ஆக்சில். உருண்டையான ஒரே ஹவுசிங்காக இருந்தால் பேஞ்சோ ஆக்சில். இரண்டுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸும் (கியர்பாக்ஸிலிருந்து வரும் இழுவையை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரித்து அனுப்பும் பெட்டி) புரொப்பல்லர் ஷாஃப்ட்டும் (அதை ஆக்சிலுக்குக் கொண்டுபோகும் சுழல் தண்டு) வேறு வேறு. இதைத் தெரிந்துகொள்ளாமல் உதிரி வாங்கினால் பாதிப் பணம் வீண்.

அடுத்து எஞ்சின். போருக்குப் பிறகு பிரெஞ்சு ராணுவமும் நார்வே ராணுவமும் இந்த லாரிகளைப் பல ஆண்டுகள் ஓட்டின. பட்டறையில் பிரித்து மாற்றிச் சேர்த்ததால், ஒரு வண்டியில் பல வண்டிகளின் பாகம் இருப்பது சாதாரணம். 270 கன அங்குல எஞ்சினுக்குப் பதிலாக 302 கன அங்குல எஞ்சின் உட்கார்ந்திருக்கலாம். அது குறையல்ல, ஆனால் கேஸ்கெட் செட் ஆர்டர் செய்யும் முன் தெரிய வேண்டும்.

டாஷ்போர்டில் இருக்கும் தகவல் தகடுகளை நம்பி விலை பேசாதீர்கள். புதிதாக அச்சடித்த நகல் தகடுகள் தாராளமாகக் கிடைக்கின்றன. சேஸியில் குத்தியிருக்கும் எண்ணும் பதிவுத் தாளில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று பாருங்கள். இரண்டும் பொருந்தாவிட்டால் வண்டியைச் சாலைக்குக் கொண்டுவரும்போது அதிகாரிகளிடம் மாட்டிக்கொள்வீர்கள்.

பனி விழும் நாடுகளில் இன்னொரு சோதனையும் உண்டு. தண்ணீர் வடிக்காமல் விட்ட எஞ்சின் உறைந்து பிளாக்கின் பக்கவாட்டில் வெடித்திருக்கும். விரிசலின் மேல் பெயின்ட் அடித்து மறைத்திருப்பார்கள். கம்பி பிரஷ்ஷால் தேய்த்துப் பார்த்துவிட்டே பணம் கொடுங்கள்.

2. ஆட்களை முதலில் சேர்த்துக்கொள்ளுங்கள்

4½ டன்னுக்கு மேல் எடையுள்ள லாரியைத் (பெயரில் உள்ள 2½ டன் அது ஏற்றும் சரக்கின் எடை) தனியாளாகச் செய்ய முடியாது என்று சொல்ல வரவில்லை, ஆபத்து என்கிறேன். அமெரிக்காவில் மிலிட்டரி வெஹிக்கிள் பிரிசர்வேஷன் அசோசியேஷன், பிரிட்டனில் மிலிட்டரி வெஹிக்கிள் டிரஸ்ட் போன்ற அமைப்புகளில் சேருங்கள். அங்கே இதே லாரியை முடித்தவர்கள் இருப்பார்கள். ஹப் நட்டுக்கான பெரிய சாக்கெட், ஹப் புல்லர் போன்றவற்றை வாங்குவதைவிட அவர்களிடம் இரவல் கேட்பது நல்லது. வாழ்நாளில் இரண்டு முறைதான் தேவைப்படும்.

உதவி கேட்கும் முன் மூன்று கையேடுகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பராமரிப்புக்கு டி.எம். 9-801, எஞ்சினைப் பிரித்துச் சேர்க்க டி.எம். 9-1801, உதிரிப் பட்டியலுக்கு ஜி-508. மூன்றும் மறுபதிப்பாகக் கிடைக்கின்றன. "அந்தப் பக்கத்து வளைந்த கம்பி" என்று கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. பாக எண்ணோடு, பக்கத்தில் அளவுகோல் வைத்து எடுத்த படத்தோடு கேட்டால் அன்று மாலையே விடை வரும்.

வேலை நாளைத் திட்டமிடுவதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். ஆறு பேரை வரச்சொல்லிவிட்டு துருப்பிடித்த போல்ட்டோடு மல்லுக்கட்டினால், அடுத்த முறை இரண்டு பேர்தான் வருவார்கள். கூட்டம் தேவைப்படும் வேலைகள் சிலவே: பின்னாலுள்ள சரக்குப் பெட்டியைத் தூக்குவது, கேபினை இறக்குவது, ஆக்சிலை நகர்த்துவது, டயர் மாட்டுவது, கூடாரத் துணி போடுவது. அவற்றுக்கு மட்டும் ஆள் கூட்டுங்கள். போல்ட்டுகளை முந்தைய வாரமே எண்ணெய் விட்டுத் தளர்த்தி வையுங்கள். தூக்கும் நாளில் ஒருவர் மட்டுமே குரல் கொடுக்க வேண்டும், மற்றவர்கள் அவர் சொல்வதற்குத்தான் அசைய வேண்டும்.

கார்புரேட்டரையோ டைனமோவையோ ஒருவர் வீட்டுக்கு எடுத்துப்போனால், எதை யார் எப்போது எடுத்தார் என்று ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். இது நம்பிக்கைக் குறைவால் அல்ல. ஓர் ஆண்டு கழித்து இருவருக்குமே நினைவிருக்காது.

3. இடம், கருவி, உடம்பு

லாரியின் நீளம் 6.5 மீட்டர், அகலம் 2.24 மீட்டர். பிரித்துப் போட்டால் அதைப்போல இரண்டு மடங்கு இடம் பிடிக்கும். தரை சிமென்ட்டாக இருக்க வேண்டும், மண்ணில் ஜாக்கி இறங்கும்.

ஸ்பேனர்கள் அங்குல அளவில் வேண்டும். 7/16, 1/2, 9/16, 5/8, 3/4, 15/16 அடிக்கடி வரும். மில்லிமீட்டர் ஸ்பேனர் 'கிட்டத்தட்ட' பொருந்தும், அதனால்தான் நட்டின் முனை உருண்டுபோகும்.

கைப்பிரேக்கை நம்பி அடியில் போகாதீர்கள். இந்த லாரியின் கைப்பிரேக் டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால், ஷாஃப்ட்டின் மேல் வேலை செய்கிறது. புரொப்பல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றிய நிமிடமே கைப்பிரேக் இல்லாத வண்டியாகிவிடும். சக்கரத்துக்கு இருபுறமும் கட்டை, ஜாக்கிக்குத் துணையாக இரும்பு முட்டு, இரண்டும் கட்டாயம்.

பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. டிரம்மைத் திறந்ததும் காற்றடித்து ஊதக் கூடாது, ஈரத்துணியால் துடையுங்கள். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கும், உலர்ந்த நிலையில் தேய்க்கும்போது சாதாரணத் துணி முகமூடி போதாது. இருட்டில் ஒளிர்வதற்கான பெயின்ட் பூசிய பழைய மீட்டர்களில் ரேடியம் இருக்கலாம், கண்ணாடியைத் திறந்து சுரண்டாதீர்கள்.

4. கழற்றும் முன்: பழைய எண்ணைத் தேடுங்கள்

பலர் தவறவிடும் படி இது, தவறவிட்டால் திரும்பப் பெற முடியாததும் இதுதான். பானெட்டின் இரு பக்கங்களிலும் அமெரிக்க ராணுவப் பதிவு எண் எழுதியிருக்கும். 2½ டன் சரக்கு லாரிகளுக்கு அது 4-இல் தொடங்கும். மேலே எத்தனை அடுக்கு பெயின்ட் ஏறியிருந்தாலும் அடியில் சுவடு இருக்க வாய்ப்புண்டு.

600 நம்பர் தண்ணீர்த் தாளால், நிறையத் தண்ணீர் விட்டு, வட்டமாக மெல்லத் தேயுங்கள். ஒவ்வோர் அடுக்கு வெளுக்கும்போதும் நின்று படம் எடுங்கள். மணல் அடிக்கும் பட்டறைக்கு முதலில் அனுப்பிவிட்டால் வண்டியின் அடையாளம் ஒரே மணி நேரத்தில் போய்விடும்.

பிறகு ஒவ்வொரு பாகத்தையும் கழற்றும் முன் மூன்று கோணத்தில் படம் எடுங்கள். போல்ட்டுகளைத் தடித்த பிளாஸ்டிக் பைகளில் போட்டு, எங்கிருந்து வந்தவை என்று எழுதிய சீட்டை உள்ளேயே போடுங்கள். பையின் மேல் எழுதினால் கிரீஸ் பட்டு அழியும். நைந்த வயர், உடைந்த கிளிப், எதையும் எறியாதீர்கள். புதிது செய்ய அதுதான் அளவு.

5. எஞ்சினைச் சுற்றும் முன்

ஆண்டுக்கணக்கில் நின்ற எஞ்சினை செல்ஃப் அடித்தோ, வேறு வண்டியால் இழுத்தோ சுற்றவே கூடாது. வால்வு மூடியைத் திறந்து ராக்கர்களைப் பாருங்கள். இது மேல்வால்வு எஞ்சின். வால்வு தன் கைடில் ஒட்டிக்கொண்டிருக்கும்போது கிராங்கைச் சுற்றினால் புஷ்ராடு வளையும்.

பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் துரு இளக்கும் எண்ணெய் விட்டு, நாட்கணக்கில் ஊறவிடுங்கள். வால்வு ஸ்டெம்களிலும் விடுங்கள். பிறகு கைக்கிராங்கால் முன்னும் பின்னுமாகச் சில டிகிரி மட்டும் அசையுங்கள். அசைந்தால் நம்பிக்கை உண்டு. அசையாவிட்டால் ஹெட்டைக் கழற்றுங்கள், நீளமான குழாயைச் செருகி முறுக்காதீர்கள்.

சுழன்ற பிறகு கம்ப்ரெஷன் பாருங்கள். ஆறு சிலிண்டர்களுக்குள் 15 சதவீதத்துக்குள் வித்தியாசம் இருந்தால் எஞ்சினை இப்போது பிரிக்க வேண்டாம். பின்னால் ஓட்டிப் பார்த்து முடிவெடுக்கலாம். ஒரு சிலிண்டர் மட்டும் குறைந்தால் அதில் சிறிது ஆயில் விட்டு மறுபடி அளவெடுங்கள். அளவு ஏறினால் ரிங் பிரச்சினை, ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கெட்.

6. எந்த வரிசையில் பிரிப்பது

கூடாரக் கம்பிகள், பின் பெட்டி, பானெட்டும் மட்கார்டும், ரேடியேட்டர், கேபின், எஞ்சின் கியர்பாக்ஸோடு சேர்த்து, டிரான்ஸ்ஃபர் கேஸ், கடைசியில் ஆக்சில்கள்.

முழுவதையும் ஒரே மூச்சில் பிரிக்காதீர்கள். இப்படிப் பிரித்துப்போட்டு நின்றுபோன திட்டங்கள்தான் 'பாதி முடிந்த வண்டி' என்று விற்பனைக்கு வருகின்றன. துரு சேஸி வரை போகாத லாரியாக இருந்தால், சக்கரத்தில் நிற்க வைத்தே ஒவ்வொரு பகுதியாகச் செய்வது சரியான வழி. ஒன்று முடிந்து பொருத்திய பிறகே அடுத்தது.

எஞ்சினைத் தூக்கியிருக்கும்போதே கிளட்ச் தட்டையும் பாருங்கள். நின்ற வண்டிகளில் அது ஃபிளைவீலோடு துருப்பிடித்து ஒட்டியிருக்கும். பின்னால் அதற்காக மட்டும் கியர்பாக்ஸைக் கழற்ற நேரிட்டால் இரண்டு நாள் வேலை.

7. சேஸி, ஆக்சில், கியர்பாக்ஸ்

சேஸியில் பின் ஸ்பிரிங் உட்காரும் இடத்தையும் குறுக்குச் சட்டங்களின் ரிவெட்டுகளையும் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். மந்தமான ஓசை வந்தால் ரிவெட் தளர்ந்திருக்கிறது. சேஸியில் வெல்டிங் வைக்கும் முன் அனுபவமுள்ள ஒருவரைக் கேளுங்கள், கண்ட இடத்தில் வைத்த வெல்டிங்கின் ஓரத்திலேயே அடுத்த விரிசல் விழும்.

மணல் அடிக்கக் கொடுக்கும்போது ஆக்சில் முனை, பிரீதர் துளை, பேரிங் எல்லாவற்றையும் அடைத்துக் கொடுங்கள். உள்ளே போன மணல் ஒரே நாளில் பேரிங்கைத் தின்னும்.

கியர்பாக்ஸுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் ஆயில் வாங்கும்போது ஜி.எல்.-5 தரத்தைத் தவிர்த்து, ஜி.எல்.-4 அல்லது சாதாரண மினரல் 90 பாருங்கள். ஜி.எல்.-5 ஆயிலின் சேர்மங்கள் வெண்கல புஷ்களைத் தாக்கக்கூடும்.

பின்னிரண்டு ஆக்சில்களில் கடைசி ஆக்சிலுக்குப் போகும் ஷாஃப்ட், நடு ஆக்சிலின் மேல் உள்ள பில்லோ பிளாக் (ஷாஃப்ட்டைத் தாங்கும் பேரிங் கூடு) வழியாகப் போகிறது. அதன் பேரிங்கை மறந்துவிட்டு, 'கியர்பாக்ஸ் ஊளையிடுகிறது' என்று கியர்பாக்ஸைப் பிரித்தவர்கள் உண்டு. முதலில் பில்லோ பிளாக்கைப் பாருங்கள்.

8. பிரேக்: அவசரமே கூடாத இடம்

இந்த லாரியின் கால் பிரேக் ஒரே சர்க்யூட். ஒரு பைப் வெடித்தால் ஆறு முனையிலும் பிரேக் போய்விடும். அதனால் 'இது பார்க்க நன்றாகத்தானே இருக்கிறது' என்று எந்தப் பழைய பைப்பையும் ஹோஸையும் வைத்திருக்க வேண்டாம். எல்லாம் புதிது. செம்பு-நிக்கல் பைப் வளைக்க எளிது, துருப்பிடிக்காது.

வீல் சிலிண்டரின் உட்புறத்தில் குழி விழுந்திருந்தால் ஹோன் செய்து (உரசித் தேய்த்து) சமாளிக்காதீர்கள். புதிய ரப்பர் கப் அந்தக் குழியில் தேய்ந்து மாதங்களில் கசியும். லேத் பட்டறையில் பித்தளை அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்லீவ் போட்டுவிட்டால் அதோடு அந்தக் கவலை தீர்ந்தது.

பிரேக் ஆயிலை இப்போதே முடிவுசெய்யுங்கள். டாட் 3, டாட் 4 காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், பெயின்ட்டை அரிக்கும். மாதக்கணக்கில் நிற்கும் வண்டிக்கு டாட் 5 சிலிக்கான் ஆயிலைப் பலர் விரும்புகிறார்கள். ஆனால் இரண்டையும் கலக்கவே கூடாது. எல்லா ரப்பரும் பைப்பும் புதிதாக, காய்ந்த நிலையில் இருக்கும்போது மட்டுமே சிலிக்கானுக்குப் போகலாம். டாட் 5.1 என்பது சிலிக்கான் அல்ல, டப்பாவைப் படித்து வாங்குங்கள்.

பெடலை மிதிக்கும் பலத்தைக் கூட்டித் தரும் ஹைட்ரோவேக் பூஸ்டர் எஞ்சின் வேக்குவத்தில் (எஞ்சின் உறிஞ்சும் வெற்றிடத்தில்) ஓடுவது. அது உள்ளே கசிந்தால் வெளியே ஒரு சொட்டும் தெரியாது. ஆயில் மட்டம் குறையும், புகைக்குழாயில் வெள்ளைப் புகை வரும், ஏனென்றால் எஞ்சின் அந்த ஆயிலைக் குடிக்கிறது. இதைத் தெரியாமல் ஹெட் கேஸ்கெட்டை மாற்றுகிறார்கள்.

பிரேக் பைப்பிலிருந்து காற்று எடுக்க மூன்று பேர் வேண்டும்: ஒருவர் பெடலில், ஒருவர் காற்றை வெளியேற்றும் நிப்பிளில், ஒருவர் ஆயில் மட்டத்தில். எஞ்சின் ஓடக்கூடாது. முதலில் ஹைட்ரோவேக்கின் நிப்பிள், பிறகு மாஸ்டர் சிலிண்டரிலிருந்து மிகத் தொலைவான சக்கரம், கடைசியில் மிக அருகிலிருப்பது. நடுவில் ஆயில் மட்டம் தாழ்ந்து காற்று போனால் மொத்தமும் முதலிலிருந்து.

முடிந்ததும் இரண்டு சோதனை. பெடலை முழுபலத்தோடு ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்திருங்கள், இன்னொருவர் ஒவ்வோர் இணைப்பையும் உலர்ந்த தாளால் துடைத்துப் பார்க்கட்டும். எஞ்சின் ஓடும் நிலை வந்தபின் அடுத்தது: எஞ்சினை நிறுத்தி நாலைந்து முறை பெடலை மிதித்து வேக்குவத்தைத் தீர்த்து, அழுத்திப் பிடித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் சற்றுக் கீழிறங்கினால் ஹைட்ரோவேக் வேலை செய்கிறது.

பிரேக்கையும் ஸ்டியரிங்கையும் யார் பூட்டினாலும், பூட்டாத இன்னொருவர் ஒவ்வொரு நட்டையும் காட்டர் பின்னையும் கைவைத்துப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். எவ்வளவு அனுபவசாலி பூட்டியிருந்தாலும் இதற்கு விலக்கில்லை.

9. சக்கரமும் டயரும்

ஓட 10, ஸ்டெப்னி 1, ஆக 11 டயர், அளவு 7.50-20. பட்ஜெட்டில் இதை முதலிலேயே எழுதுங்கள்.

பின் ஆக்சில்கள் இரண்டுக்கும் நடுவில் டிஃபரன்ஷியல் கிடையாது. எட்டு டயர்களின் சுற்றளவும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். புதியதும் தேய்ந்ததும் கலந்தால் ஷாஃப்ட்டுகள் ஒன்றையொன்று முறுக்கும், ஷாஃப்ட் மூட்டுகளில் உள்ள கிராஸ்கள் உடையும். காற்றடித்த பின் டேப் வைத்து அளந்து ஜோடி சேருங்கள்.

லாக் ரிங் சக்கரத்துக்கு (டயரை ரிம்மில் பிடித்துவைக்கும் தனி இரும்பு வளையம் உள்ளது) இரும்புக் கூண்டுக்குள் வைத்தே காற்றடியுங்கள், நீளமான ஹோஸோடு ஒதுங்கி நின்று. சரியாக உட்காராத ரிங் தெறித்தால் ஆளைக் கொல்லும். துருப்பிடித்து மெலிந்த ரிங்கைத் தூக்கி எறிந்துவிடுங்கள், வண்டியில் நான் எறியச் சொல்லும் பொருள் இது ஒன்றுதான்.

இடப்பக்கச் சக்கர நட்டுகளுக்கு இடப்புரி, அதாவது வழக்கத்துக்கு எதிர்த்திசையில் சுற்றினால்தான் கழலும். தெரியாமல் நெம்பி ஸ்டட்டை முறிப்பது வாடிக்கை. இரட்டைச் சக்கரத்தில் உள் சக்கரத்தைப் பிடிக்கும் தொப்பி நட்டு வேறு, வெளிச் சக்கரத்தின் நட்டு வேறு. மறு இறுக்கத்தின்போது வெளி நட்டைத் தளர்த்தி, உள் நட்டை இறுக்கி, மறுபடி வெளி நட்டை இறுக்க வேண்டும்.

10. வயரிங்

நெகடிவ் எர்த், 6 வோல்ட். அதே வேலைக்கு 12 வோல்ட் வண்டியைவிட இரண்டு மடங்கு கரன்ட் ஓடும். கார் கடையில் கிடைக்கும் 25 சதுர மில்லிமீட்டர் பேட்டரி கேபிளைப் போட்டால் செல்ஃப் முனகும், பேட்டரி மேல் பழி விழும். 50 முதல் 70 சதுர மில்லிமீட்டர் போடுங்கள். எர்த் இணைப்புகளில் பெயின்ட்டைச் சுரண்டி வெறும் இரும்பில் பூட்டுங்கள்.

டைனமோவைக் கழற்றி மாட்டினால், எஞ்சினை ஓட்டும் முன் ரெகுலேட்டரில் பேட்டரி முனையையும் ஆர்மேச்சர் முனையையும் ஒரு வயரால் கணநேரம் தொட்டு எடுங்கள். இல்லாவிட்டால் துருவம் மாறி, ரெகுலேட்டர் பாயின்ட் கருகும்.

11. முதல் ஸ்டார்ட்

பெட்ரோல் டேங்க் 40 அமெரிக்க காலன் பிடிக்கும். உள்ளே துரு இருக்கும்வரை அதை இணைக்காதீர்கள். சிறிய கேனிலிருந்து ஓட்டுங்கள். டேங்க்கில் ஓட்டை இருந்தால் காலியானது என்று நினைத்து வெல்டிங் வைக்கக் கூடாது, பெட்ரோல் ஆவி வெடிக்கும். எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் பழைய டயாஃப்ரத்தைக் கரைக்கும் என்பதால் பம்ப் கிட்டையும் ஹோஸையும் மாற்றிவிடுங்கள்.

பிளக் இல்லாமல் செல்ஃப் அடித்து, ஆயில் மீட்டர் ஏறும்வரை சுற்றுங்கள். பிறகு பிளக்கைப் போட்டு, வயர்களை 1-5-3-6-2-4 வரிசையில் மாட்டுங்கள். வால்வு மூடியைத் திறந்தே வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். ராக்கர்களுக்கு ஆயில் வரவில்லையானால் உடனே நிறுத்துங்கள். தீயணைப்பான் ஒருவர் கையில் இருக்கட்டும், தரையில் அல்ல.

12. கேபின், மரப்பெட்டி, பெயின்ட்

மெல்லிய தகடுகளுக்கு மணல் அடித்தால் நெளியும். கெமிக்கல் ஸ்டிரிப்பர் அல்லது மணலுக்குப் பதில் சோடாத் தூள் அடிப்பது பாதுகாப்பு. பட்டி பூசி மறைத்த துரு இரண்டு மழைக்காலம் தாங்காது, வெட்டி எடுத்துப் புதுத் தகடு வையுங்கள்.

மரப்பெட்டி என்றால் நன்கு உலர்ந்த கடினமரம். ஒவ்வொரு பலகையையும் பூட்டும் முன்பே எல்லாப் பக்கமும் பெயின்ட் அடியுங்கள், குறிப்பாக அறுத்த முனைகளில். தண்ணீர் குடிப்பது அங்கேதான்.

ராணுவப் பழுப்புப் பச்சையான ஆலிவ் டிராப் பெயின்ட்டில் டப்பாவுக்கு டப்பா சாயல் மாறும். எல்லாவற்றையும் பெரிய வாளியில் ஊற்றிக் கலந்துவிட்டு அடியுங்கள், ஒரு லிட்டரைக் கீறல்களுக்கு மிச்சம் வையுங்கள். மினுமினுப்பு கூடாது. படி 4-இல் கண்டெடுத்த எண்ணை அதே அளவில், அதே இடத்தில் எழுதுங்கள்.

13. சாலையில்

முதல் ஓட்டம் காலி நிலத்தில், முன் இழுவை இல்லாமல். காய்ந்த தார்ச்சாலையில் முன் ஆக்சிலைச் சேர்த்து ஓட்டினால் டிரான்ஸ்ஃபர் கேஸ் முறுக்கேறி, லீவரை எடுக்கவே முடியாமல் போகும். கியர்பாக்ஸில் சிங்க்ரோ (கியர்களின் வேகத்தைத் தானே சமன்செய்யும் அமைப்பு) கிடையாது, ஒவ்வொரு கியர் மாற்றத்துக்கும் கிளட்சை இரண்டு முறை மிதிக்கும் இரட்டை கிளட்ச் பழகாமல் போக்குவரத்துக்குள் போகாதீர்கள். ஐந்தாவது கியர் ஓவர்டிரைவ், ஏற்றத்தில் அதில் இழுக்கக் கூடாது. வேக வரம்பு மணிக்கு 45 மைல், அதாவது 72 கிலோமீட்டர்.

10 கிலோமீட்டரில் நின்று ஆறு முனைகளிலும் ஹப்பைத் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் சுட்டால் அங்கே பேரிங் அதிக இறுக்கம் அல்லது பிரேக் ஷூ உரசுகிறது. 50-இல் சக்கர நட்டுகள், ஸ்பிரிங் யூ-போல்ட்டுகள், புரொப்பல்லர் ஷாஃப்ட் போல்ட்டுகள் மறு இறுக்கம். 100-இல் எஞ்சின் ஆயிலை மாற்றி, வடித்த ஆயிலை வெள்ளைத் துணியில் வடிகட்டி உலோகத் துகள் இருக்கிறதா என்று பாருங்கள். அதே நாளில் வால்வு இடைவெளியையும் பிரேக் ஷூக்களையும் கையேட்டு அளவுக்கு மறுபடி வையுங்கள்.